நர்ஸ் கைக்கு எந்த வைர மோதிரம்?

கேள்வி: தை மாதம் மகளுக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டில் வைர மோதிரம் போடுகிறார்கள். மாடலை எங்களையே பார்க்கச் சொல்லிவிட்டார்கள். கடையில் பிராங், பெசல், பாவே, ஹேலோ என்று அடுக்குகிறார்கள், ஒன்றும் புரியவில்லை. மகள் ஈரோட்டில் நர்ஸ், நாள் முழுக்கக் கையுறை போடுகிறாள்.
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அந்தக் கையுறையைச் சொன்னீர்களே அம்மணி, பாதி வேலை முடிந்தது.

பிராங்கில் நாலோ ஆறோ கம்பிகள் கல்லைக் கவ்விப் பிடித்திருக்கும். 1886-ல் நியூயார்க் டிஃபனி கடை ஆறு கம்பியில் கல்லை மேலே தூக்கிக் கட்டியது. அந்த மாடல்தான் இன்றும் ஊரெல்லாம் ஓடுகிறது. பக்கவாட்டிலும் வெளிச்சம் இறங்குவதால் கல் நன்றாக டாலடிக்கும். ஆனால் உங்கள் மகள் கையுறையை மாட்டிக் கழற்றும்போதெல்லாம் கம்பி ரப்பரில் சிக்கும். சிக்கிச் சிக்கி நுனி நிமிர்ந்தால் கல் ஆட ஆரம்பித்துவிடும். பெரிய கடை வீதிப் பட்டறையில் எங்களிடம் ரிப்பேருக்கு வருகிற மோதிரங்களில் இந்த வகைதான் அதிகம்.

அவளுக்கு நான் பெசல்தான் சொல்வேன். கல்லைச் சுற்றித் தங்கத் தகடு எழுப்பி, அதன் விளிம்பைக் கல்லின் மேல் மடித்துத் தேய்த்து இறுக்கியிருப்பார்கள். விரலால் தடவிப் பாருங்கள், எங்கும் நெருடக்கூடாது. வைரத்தில் லேசில் கீறல் விழாது. ஆனால் ஓரத்தில் அடிபட்டால் சில்லு பெயரும். அந்த ஓரத்தைத்தான் இந்தத் தகடு மூடிக் காக்கிறது. வாங்கும்போது மோதிரத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். நம் பழைய வைரக் கம்மல் மாதிரி அடிப்பக்கம் மூடியிருந்தால் கல்லின் நிறத்தைச் சரியாகப் பார்க்க முடியாது, அழுக்கையும் எடுக்க முடியாது. திறந்திருப்பதையே எடுங்கள்.

பாவே என்பது பொடிக் கற்களை நெருக்கிப் பதிப்பது. ஹேலோவில் நடுக்கல்லைச் சுற்றி அதே பொடிக்கல் வளையம். கல் பெரிதாகத் தெரியும், பார்க்க அழகுதான். ஆனால் வைரத்தில் எண்ணெய்ப் பசை சட்டென்று ஒட்டும். தேங்காயெண்ணெயும் சோப்பும் அந்த இடுக்குகளில் அடைந்தால் பளபளப்பு மங்கிவிடும். அவள் வேலைக்கு இது வேண்டாம்.

கேள்வி: 22 காரட்டில் வைர மோதிரம் கேட்டேன். கடைக்காரர் 18 காரட்தான் நல்லது என்கிறார். ஏமாற்றுகிறாரா?
– ஒரு வாசகர், தாராபுரம்

பதில்: இல்லைங்க, சரியாகத்தான் சொல்கிறார். 22 காரட்டில் 91.6 சதவீதம் தங்கம். மென்மையாக இருப்பதால் கம்பி சீக்கிரம் வளையும். 18-ல் தங்கம் 75 சதவீதம், மீதி செம்பு, வெள்ளி போன்றவை. அந்த விறைப்புதான் கல்லைப் பிடித்து நிற்கிறது. ஹால்மார்க்கில் 750 என்று இருக்கிறதா பாருங்கள். விலையும் 18 காரட் ரேட்டில்தான் போட வேண்டும். அப்புறம், பில்லில் தங்க எடையையும் கல் எடையையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கல்லில் 1 காரட் என்பது 0.2 கிராம், மொத்த எடையில் அதைக் கழித்துவிட்டுத்தான் தங்கத்துக்குக் காசு கொடுக்க வேண்டும்.