பெட்டியில் வந்த உளிகள்: கேள்வி பதில்

அச்சோவியமும் (மரத்திலோ தகட்டிலோ செதுக்கி, மை தடவித் தாளில் எடுக்கும் படம்) வண்ண ஓவியமும் 40 வருடமாக என் வேலை. அதில் பெரும்பகுதி பிறந்த நாட்டுக்கு வெளியே கழிந்தது. நீங்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

நாடு மாறியபோது கலை விட்டுப்போகவில்லையா அம்மா?

அச்சு விட்டுப்போனது. உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்செடுக்கும் எட்சிங்குக்குப் பிரஸ், அதாவது அழுத்தும் இயந்திரம், வேண்டும், அதைப் பெட்டியில் போட்டுக் கொண்டுபோக முடியாது. முதல் இரண்டு வருடம் சமையலறை மேசையில் நீர்வண்ணம்தான். அப்புறம் ஒரு பலகை கிடைத்தது, என்னுடன் வந்த நான்கு உளிகளை வெளியே எடுத்தேன். மரச்செதுக்குக்குப் பிரஸ் கட்டாயமில்லை. மையை உருளையால் தடவி, மெல்லிய தாளை வைத்து, மரக்கரண்டியின் முதுகால் வட்டமாகத் தேய்த்தால் அச்சு விழும். முதலில் என் அம்மாவின் பெயரைச் செதுக்கினேன். தாளில் இடவலம் மாறும் என்பதால் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது போல வெட்ட வேண்டும். கொம்பு வலப்பக்கம் போகும், கால் இடப்பக்கம் வரும். சின்ன வயதிலிருந்து எழுதிய எழுத்தை அன்றுதான் வளைவு வளைவாகப் பார்த்தேன். அழுதுகொண்டேதான் வெட்டினேன்.

யாருடைய படைப்புகள் துணையாக இருந்தன?

கிருஷ்ணா ரெட்டி, ஜரீனா என்ற இரண்டு அச்சோவியக் கலைஞர்களுடையவை. 1925இல் ஆந்திராவில் பிறந்த ரெட்டி, சாந்திநிகேதனில் படித்து, பாரிஸில் ஹேட்டர் என்ற அச்சோவியக் கலைஞர் நடத்திய அட்டெலியே 17 என்ற அச்சுப் பட்டறைக்குப் போய், கடைசியில் நியூயார்க்கில் வாழ்ந்தவர். ஒரே தகட்டை ஒரே ஒரு முறை பிரஸில் அழுத்திப் பல வண்ணங்களை எடுக்கும் முறையை வளர்த்தெடுத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. முதலில், மேடு பள்ளமாக ஆக்கிய தகட்டின் மேட்டில் கெட்டி உருளையால் எண்ணெய் மிகுந்த மை. பிறகு மெத்தென்ற உருளையால் இறுகிய மை. அந்த உருளை பள்ளத்துக்குள் இறங்கும், ஆனால் மேட்டில் இருக்கும் எண்ணெய், இறுகிய மையை ஒட்டவிடாது. முதன்முறை நான் செய்து பார்த்தபோது எல்லாம் கலந்து சேறானது!

அலிகரில் பிறந்த ஜரீனா 1999இல் வெளியிட்ட ‘வீடு ஓர் அந்நிய இடம்’ 36 மரச்செதுக்குகள் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் ஓர் உருதுச் சொல். சில கோடுகளில் ஒரு வீட்டையே நிறுத்துவார்.

அச்சு என்றால் நகல்தானே?

இல்லை. நகலுக்கு முன்பே ஒரு மூலம் இருக்க வேண்டும். இங்கே தாளில் விழுவதுதான் படைப்பு. ஓரத்தில் 3/20 என்று பென்சிலில் இருந்தால், 20 பிரதிகளில் அது மூன்றாவது.

வீட்டில் மை வாடை தாங்கவில்லை, என்ன செய்ய?

எண்ணெய் மையைச் சமையல் எண்ணெயால் துடைத்து, அப்புறம் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

இப்போதும் செதுக்குகிறீர்களா?

விரல் மூட்டு இடம் கொடுப்பதில்லை. வண்ண ஓவியத்துக்கே முழுதாக வந்துவிட்டேன். ஆனால் கையில் இருப்பது பழைய அச்சுப் பழக்கம்தான். ஒரு வண்ணம் காய்ந்த பிறகே அடுத்ததைத் தொடுவேன். முடிப்பதற்கு முன் கான்வாஸைக் கண்ணாடிக்கு நேரே பிடித்து, இடவலம் மாறிய படத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.