டாக்டர் சீட்டிலும் டிஸ்சார்ஜ் சம்மரியிலும் வரும் சுருக்கங்களை நம்மைப் போன்றவர்கள் எப்படிப் புரிந்துகொள்வது?

நான் டாக்டர் இல்லை. அப்பாவின் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்ததில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவுக்கு நிமோனியா வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். டிஸ்சார்ஜ் ஆன இரவு, அவர் தூங்கிய பிறகு சம்மரியை எடுத்து வரிவரியாகப் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் ‘எஸ்.பி.ஓ.2 – 97% ஆர்.ஏ.’ என்று இருந்தது. எனக்கு ஆர்.ஏ. என்றால் ஒன்றுதான் தெரியும்: சித்தியின் விரல்களை வளைத்துப்போட்ட ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், முடக்குவாதம். போனில் அந்த இரண்டு எழுத்தைத் தட்டினேன். அதுவும் முடக்குவாதம் என்றே காட்டியது. நிமோனியாவுக்குப் போன இடத்தில் இதையும் கண்டுபிடித்து, நம்மிடம் சொல்லாமல் விட்டுவிட்டார்களே என்று விடியும்வரை புரண்டுகொண்டிருந்தேன்.

காலையில், நர்ஸாக இருக்கும் பெரியப்பா மகளுக்குப் போன் போட்டேன். கேட்டதும் சிரித்துவிட்டாள். “அண்ணே, அது ரூம் ஏர்ணே.” அதாவது, ஆக்சிஜன் மாஸ்க் எதுவும் வைக்காமல், அறைக் காற்றைச் சுவாசிக்கும்போதே அப்பாவின் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 97 சதவீதம். நல்ல செய்தியைப் படித்துவிட்டுத்தான் ராத்திரி முழுக்கக் கண்விழித்திருக்கிறேன்.

அதனால் என் பதில் இதுதான்: எழுத்தைப் பார்க்கும் முன், அது தாளில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். நோயின் பெயர் எழுதும் ‘டயக்னோசிஸ்’ பகுதியில் ஆர்.ஏ. இருந்தால் முடக்குவாதம். ஆக்சிஜன் அளவுக்குப் பக்கத்தில் இருந்தால் அறைக் காற்று. எம்.எஸ். என்பதை இதய டாக்டர் எழுதினால் மைட்ரல் என்ற இதய வால்வு குறுகிப்போயிருக்கிறது. நரம்பு டாக்டர் எழுதினால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய். பி.டி. (PT) என்று ரத்தப் பரிசோதனைப் பட்டியலில் இருந்தால் ரத்தம் உறைய எடுக்கும் நேரம். எலும்பு டாக்டர் கடைசி வரியில் எழுதினால் பிசியோதெரபி. வெறும் இரண்டு எழுத்தை மட்டும் கூகுளில் போட்டால், அதற்கு உங்கள் தாளின் மற்ற வரிகள் தெரியாது.

டிஸ்சார்ஜ் சம்மரிக்கு ஒரு வரிசை உண்டு. எந்த ஆஸ்பத்திரியிலும் பெரும்பாலும் அதே வரிசைதான். ‘சி/ஓ’ என்றால் நோயாளி சொன்ன தொந்தரவு. ‘எச்/ஓ’ என்றால் முன்பு நடந்தது. ‘கே/சி/ஓ’ என்றால் ஏற்கெனவே இருப்பதாகத் தெரிந்த நோய். அதன் பக்கத்தில் ‘டி2டிஎம்’ என்றால் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், ‘எஸ்.எச்.டி.என்.’ என்றால் நாம் பிரஷர் என்று சொல்கிறோமே, அந்த உயர் ரத்த அழுத்தம். அப்புறம் ‘ஓ/இ’, டாக்டர் தொட்டுப் பார்த்துக் கண்டது. இந்தப் பகுதிதான் நம்மை அதிகம் பயமுறுத்துகிறது, உண்மையில் அதிகம் நிம்மதி தருவதும் இதுதான். ‘சி.வி.எஸ்.: எஸ்1 எஸ்2 +’ என்றால் இதயத்தின் இரண்டு துடிப்பொலிகளும் கேட்கின்றன. அந்தக் கூட்டல் குறியைப் பார்த்து, ஏதோ பாசிட்டிவ் வந்துவிட்டது என்று அம்மா நடுங்கிப்போனார். ‘ஆர்.எஸ்.: பி.ஏ.இ. +’ என்றால் இரண்டு நுரையீரலுக்கும் காற்று போகிறது. ‘பி/ஏ: சாஃப்ட்’ என்றால் வயிறு மிருதுவாக இருக்கிறது, கல் மாதிரி இறுகியிருந்தால்தான் கவலை. ‘என்.ஏ.டி.’ என்றால் கோளாறு எதுவும் தென்படவில்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘அன்ரிமார்க்கபிள்’ என்று போட்டிருந்தாலும் அதே அர்த்தம்தான். சொல்லும்படி ஒன்றுமில்லை, கிளம்புங்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். எலும்பு விஷயத்தில் ‘#’ குறி இருந்தால் அது ஹேஷ்டேக் இல்லை, எலும்பு முறிவு.

மருந்துச் சீட்டுக்கு வருவோம். இங்கே இருப்பதில் பெரும்பாலும் லத்தீன் மொழியின் மிச்சம். ஓ.டி. ஒரு வேளை, பி.டி. (BD) இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை (வரிப் பிடித்தம் இல்லை), கியூ.ஐ.டி. நான்கு வேளை. எச்.எஸ். என்றால் படுக்கப் போகும் முன். ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. பின். ஸ்டாட் என்றால் இப்போதே, இந்த நிமிடமே. மேலே ஆர்.ஏ.வுக்குச் சொன்னது இங்கும் உண்டு: ஓ.டி. என்பது மாத்திரைப் பெயருக்குப் பக்கத்தில் இருந்தால் ஒரு வேளை. கண்ணாடிச் சீட்டில் ஓ.டி. என்று இருந்தால் ஒரு வேளையும் இல்லை, அது வலது கண், ஓ.எஸ். இடது கண். 1-0-1 என்று எழுதினால் காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. கொஞ்சம் வயதான டாக்டர்கள் ‘5/7’ என்று எழுதுவார்கள். ஜூலை ஐந்தாம் தேதி வரச் சொல்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். வாரத்தின் ஏழு நாளில் ஐந்து, அதாவது ஐந்து நாளுக்குச் சாப்பிட வேண்டும். அதே கணக்கில் 2/52 என்றால் இரண்டு வாரம், 3/12 என்றால் மூன்று மாதம்.

எஸ்.ஓ.எஸ். பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குக் காய்ச்சல் மாத்திரையை எஸ்.ஓ.எஸ். என்று எழுதியிருந்தார்கள். கப்பல் முங்கும்போது அனுப்பும் செய்தி என்று சினிமாவில் பார்த்த ஞாபகத்தில், உயிர் போகிற அவசரத்துக்கு மட்டும் என்று அம்மா அதைப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டார். 101 டிகிரியில் அப்பா போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார், மாத்திரை பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது. மருந்துச் சீட்டில் அதற்கு அர்த்தம் ‘தேவைப்பட்டால்’, அவ்வளவுதான். காய்ச்சலோ வலியோ இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். ஆனால் ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் எத்தனை மணி நேரம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அந்த மூன்று எழுத்தில் அது இருக்காது.

மாத்திரையின் பெயருக்கு வாலாக வரும் எழுத்துகளையும் நாம் கவனிப்பதில்லை. எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர். என்று இருந்தால் மருந்து பல மணி நேரத்துக்கு மெதுவாக வெளிவரும்படி செய்த மாத்திரை. முழுங்கக் கஷ்டமாக இருக்கிறது என்று பொடித்துக் கொடுத்தால் மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் உடம்பில் இறங்கிவிடும். எங்கள் வீட்டில் அம்மியில் நுணுக்கித் தேனில் குழைத்துக் கொடுப்பதுதான் வழக்கமாக இருந்தது. டி.டி. என்றால் நேர்மாறு, அது தண்ணீரில் கரைத்துக் குடிக்கவே செய்தது.

சுருக்கமே ஆபத்தாகும் இடமும் உண்டு. இன்சுலின் அளவை ‘6 யூ’ என்று ஆங்கில எழுத்தில் அவசரமாகக் கிறுக்கினால், அந்த யூ சுழியம் மாதிரி தெரிந்து 60 ஆகிவிடும். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2004இல் போட்ட ‘இப்படி எழுதாதீர்கள்’ பட்டியலில் இந்த எழுத்தும் ஒன்று. யூனிட் என்று முழுதாக எழுத வேண்டும். 5.0 என்று எழுதினால் புள்ளி கண்ணில் படாமல் 50 ஆகும் என்பதால் அதையும் சேர்த்திருக்கிறார்கள். நம் ஊரில் இன்சுலின் விஷயத்தில் இன்னொரு சிக்கல்: குப்பியில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜில் 100 யூனிட். 40க்கான ஊசிக்குச் சிவப்பு மூடி, 100க்கானதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் எடுத்தால், 20 கோடு வரை இழுத்தாலே 50 யூனிட் உள்ளே போகும். சர்க்கரை தடாலென்று இறங்கி ஆளையே சாய்த்துவிடும். குப்பியில் உள்ள எண்ணும் ஊசியில் உள்ள எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு புதுக் குப்பிக்கும் பாருங்கள்.

சித்தி சாப்பிடும் மெத்தோட்ரெக்ஸேட்டும் இப்படித்தான். முடக்குவாதத்துக்கு அது வாரத்தில் ஒரே ஒரு நாள். தினமும் சாப்பிட்டு உயிர் போனவர்கள் உண்டு. அவருடைய டாக்டர் சீட்டில் மற்ற மருந்துகளுக்கெல்லாம் சுருக்கம்தான், இதற்கு மட்டும் தமிழில் ‘ஞாயிறு மட்டும்’ என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருப்பார். நல்ல டாக்டர் என்று நான் முடிவுசெய்தது அந்த இரண்டு கோட்டைப் பார்த்துத்தான்.

லேப் ரிப்போர்ட்டைச் சுருக்கமாக முடிக்கிறேன், அதில் பக்கத்திலேயே சரியான அளவு அச்சாகியிருக்கும். எஃப்.பி.எஸ். வெறும் வயிற்றுச் சர்க்கரை, பி.பி.பி.எஸ். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. எச்.பி.ஏ.1.சி. என்பது மூன்று மாதச் சராசரியைக் காட்டும், அதனால் முந்தின நாள் பத்தியம் இருந்து அதை ஏமாற்ற முடியாது. 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை நோய், 5.7 முதல் 6.4 வரை அதன் வாசல்படி. ‘நெகட்டிவ்’ என்றால் தேடியது கிடைக்கவில்லை என்று பொருள். பெரும்பாலும் சந்தோஷப்பட வேண்டிய சொல். ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் எச் அல்லது எல் இருந்தால் அளவுக்கு மேல் அல்லது கீழ். அரைப்புள்ளி கூடினாலும் அந்த எழுத்து விழும், அதற்காக உடனே பதற வேண்டாம். ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

கையெழுத்தே புரியவில்லை என்றால் கூச்சப்படாமல் திரும்பப் போய்க் கேளுங்கள். மருந்தின் பெயரைத் தெளிவாக, முடிந்தவரை ஆங்கில கேப்பிட்டல் எழுத்தில் எழுத வேண்டும் என்று அப்போதைய இந்திய மருத்துவக் கவுன்சில் 2016லேயே விதி போட்டிருக்கிறது. நாம் கேட்பது சலுகை இல்லை.

எங்கள் தெரு மெடிக்கல் கடை அண்ணன் ஒவ்வொரு மாத்திரைக் கவரின் மேலும் ‘கா’, ‘ம’, ‘இ’ என்று எழுதி, சா.மு., சா.பி. என்று சேர்த்துத் தருவார். தமிழில் இருக்கிறதே, இனிப் பிரச்சினை இல்லை என்று நினைத்திருந்தேன். ஒருநாள் அப்பா பிரஷர் மாத்திரையைப் பாக்குவெட்டியால் நாலாக நறுக்கிக்கொண்டிருந்தார். என்னப்பா பண்றீங்க என்றால், கவரைத் தூக்கிக் காட்டினார். “கா-ன்னு போட்டிருக்காரே, கால் மாத்திரை.”

இப்போது அந்த அண்ணன் எங்கள் கவரில் மட்டும் ‘காலையில் ஒரு முழு மாத்திரை’ என்று எழுதித் தருகிறார்.