மான் குறைந்தால் வேட்டைக்காரருக்கு என்ன கவலை?

வினா: அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் என் மகன் பணிபுரிகிறான். அம்மாநிலத்தின் வடபகுதியில் மான்கள் குறைந்துவிட்டன என்றும், ஓநாய்களே அதற்குக் காரணம் என்றும் அங்குள்ள வேட்டைக்காரர்கள் குறைப்படுவதாகச் சொல்கிறான். மானைச் சுடுகிறவர்களே மானுக்காக வருந்துவது முரணாக இல்லையா? ஓநாய்மீது சுமத்தும் பழி நியாயமானதா?
– வாசகர், கும்பகோணம்

விடை: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் மான் வேட்டை என்றாலே சிறைதான் என்று அறிந்திருக்கும் நமக்கு இது முரணாகத் தோன்றுவது இயல்பே. விஸ்கான்சினிலோ, உரிமம் பெற்றவர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் ஒன்பது நாள் துப்பாக்கி வேட்டையில் இறங்குகிறார்கள். ஊர்த் திருவிழாவுக்குப் போவதுபோல் மூன்று தலைமுறையும் சேர்ந்து காட்டுக் குடிலுக்குப் போகும் குடும்பங்கள் அங்கே ஏராளம். உரிமக் கட்டணமும், துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விதிக்கப்படும் 10 முதல் 11 விழுக்காடு வரியும்தான் மாநிலத்தின் வனவிலங்குப் பணிகளுக்குப் பெரும் நிதி ஆதாரம். மான் குறைந்தால் உரிமம் வாங்குவோரும் குறைவார்கள். மானைக் காக்கும் பணமும் குறையும். எனவே அவர்களுடைய வருத்தம் போலியானது அன்று.

ஆனால் மாநிலம் முழுவதும் மான் குறைந்துவிட்டது என்று கொள்ளக் கூடாது. வயல்கள் சூழ்ந்த தென்பகுதியில் வெள்ளைவால் மான்கள் தேவைக்கு மேல் பெருகியிருக்கின்றன. குறைவு வடக்குக் காடுகளில்தான். அங்கே முதல் காரணம் குளிர்காலம். டிசம்பர் முதல் ஏப்ரல் முடியத் தரையில் 18 அங்குலப் பனி கிடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி, வெப்பநிலை பாரன்ஹீட் சுழியத்தையோ (செல்சியஸில் மைனஸ் 18) அதற்குக் கீழோ தொடும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி என்று மாநில இயற்கை வளத் துறை கணக்கு வைக்கிறது. கூட்டுத்தொகை 80ஐ எட்டினால் கடுங்குளிர்காலம். 100ஐ எட்டினால் மிகக் கடுமையானது. ஆழ்ந்த பனியில் நடக்க இயலாத மான்கள் ஊசியிலை மரங்களின் அடியில் ஒடுங்கி, எட்டிய சுள்ளிகளை மென்றபடி உடற்கொழுப்பைக் கரைத்துக்கொண்டிருக்கும். இறந்து கிடக்கும் மானின் தொடை எலும்பை உடைத்துப் பார்த்தால் அதன் கதை தெரிந்துவிடும்: நன்றாக இருந்த மானின் மஜ்ஜை வெள்ளையாகக் கெட்டிப்பட்டிருக்கும், பட்டினியால் மாண்டதன் மஜ்ஜையோ சிவந்து கூழாகிப்போயிருக்கும். முதலில் சாவன குட்டிகள். பிழைத்த தாய்களும் வலுவற்ற குட்டிகளையே ஈனுகின்றன. 2013–14இலும் 2022–23இலும் இதுவே நடந்தது. 2023 நவம்பரின் ஒன்பது நாள் வேட்டையில் மாநிலம் முழுவதும் கிடைத்த மான்கள், முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்தன. அடி பெரிதும் வடக்குக்குத்தான்.

காடு முதிர்ந்துவருவது இரண்டாவது காரணம். மரம் வெட்டிய இடத்தில் துளிர்க்கும் இளங்காட்டில்தான் மானுக்கு வாய்க்கு எட்டும் தழை கிடைக்கும்; மரங்கள் ஓங்கி வளர்ந்து நிழல் மூடிவிட்டால் நமக்குக் காடு அழகாக இருக்கும், மானுக்குத் தீனி இராது.

ஓநாய் மான் தின்னாது என்று யாரும் வாதிட முடியாது. விஸ்கான்சினில் ஓநாய்கள் ஓராயிரத்தை ஒட்டி இருக்கின்றன. ஓர் ஓநாய் ஆண்டுக்குச் சுமார் 20 மான்களைத் தின்னும் என்று வைத்துக்கொண்டால் 20,000 ஆகிறது. ஒன்பது நாளில் மட்டும் துப்பாக்கிக்கு இரையாகும் மான்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். ஓநாய்க் கூட்டம் நிலைகொண்ட ஒரு சில இடங்களில் வேட்டைக்காரர் கண்ணில் மானே படாமற்போவது உண்மைதான். வடக்கு முழுவதற்கும் அதையே காரணம் காட்டுவது மிகை. பனிமீது வழக்குப் போட முடியாது, ஓநாய்மீது போடலாம் என்பதால்தான் இந்தப் பழி இவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மான் குறைந்த ஆண்டுகளில் அரசு முதலில் கைவைப்பது பெண் மானைச் சுடும் அனுமதிச் சீட்டுகளில்தான். ஓர் ஆண் மான் பல பெண் மான்களுடன் இணையும் என்பதால், ஆண்களில் சில போனாலும் இனம் தழைக்கும். பெண் மான் போனால் அடுத்த ஆண்டின் குட்டிகளும் போயின. 2014இல் பல வட மாவட்டங்களில் ஆண் மானை மட்டுமே சுடலாம் என்று விதித்தார்கள். இதே வடக்கில் 1943இல் நிலைமை நேர்மாறாக இருந்தது: மான்கள் அளவுக்கு மீறிப் பெருகிப் பட்டினியால் மடிந்ததால், பெண் மான்களையும் சுட்டுக் குறைக்க வேண்டும் என்று மாநில இயற்கைப் பாதுகாப்பு ஆணையத்தில் இருந்த சூழலியலர் ஆல்டோ லியோபோல்டு வாதாடினார்; அனுமதி கிடைத்தது, ஊரே அவர்மீது பாய்ந்தது.

வேட்டை மெலிந்ததற்கு மான் மட்டும் காரணமன்று என்பதையும் சொல்ல வேண்டும். 1990இல் துப்பாக்கி வேட்டைக்கு ஏறத்தாழ 7 லட்சம் பேர் உரிமம் வாங்கினார்கள். இப்போது ஐந்தரை லட்சத்தை ஒட்டியே வாங்குகிறார்கள். முன்பெல்லாம் சுட்ட மானை வண்டியில் ஏற்றிக்கொண்டு பதிவு நிலையத்துக்குப் போக வேண்டும். அந்த நிலையம் பெரும்பாலும் ஊர் மதுக்கடையாகவோ பெட்ரோல் நிலையமாகவோ இருக்கும். 2015 முதல் கைப்பேசியிலேயே பதிந்துவிடலாம் என்றானபின், அந்தச் சிற்றூர்க் கடைகளின் நவம்பர் வியாபாரத்தில் ஒரு பகுதி அப்போதே போய்விட்டது.

வினா: அண்டை வீட்டார் தரும் மானிறைச்சியை என் மகன் உண்ணலாமா? ஏதோ நோய் என்கிறார்களே?
– அதே வாசகர்

விடை: மானை மெலியவைத்துக் கொல்லும் மூளை நோய் ஒன்று விஸ்கான்சினில் 2002இல் கண்டறியப்பட்டது, பெரிதும் தென்பகுதியில் பரவியிருக்கிறது. பிரியான் என்னும் திரிந்த புரதத்தால் வருவது ஆகையால், எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதிப்படவில்லை. எனினும் நோயுள்ள மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்பதே அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் அறிவுரை. வேட்டைக்காரர்களுக்கு மாநில அரசே இலவசமாகப் பரிசோதித்துத் தருகிறது. சுட்ட மான் பரிசோதிக்கப்பட்டதா, முடிவு வந்துவிட்டதா என்று உங்கள் மகன் கேட்டுக்கொள்ளலாம்; அங்கே அப்படிக் கேட்பதை யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள்.