வேலிக்கு வெளியே மூன்று வருடம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்க விமானப்படையில் வேலை பார்க்கும் கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், லேக்கன்ஹீத், மில்டன்ஹால் என்ற இரண்டு விமானப்படைத் தளங்களுக்குப் பக்கத்தில், மூன்று வருடம் குடியிருந்ததைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: அமெரிக்கத் தளம் என்கிறீர்கள், ஆனால் லேக்கன்ஹீத், மில்டன்ஹால் இரண்டின் பெயருக்கு முன்னாலும் 'ஆர்.ஏ.எஃப்.' என்று பிரிட்டிஷ் விமானப்படையின் பெயர் இருக்கிறதே, ஏன்?

நிலம் பிரிட்டனுடையது, அதனால் பெயரும் அவர்களுடையது. பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரி ஒருவரும் அங்கே பொறுப்பில் இருப்பார். மற்றபடி வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்கள்தான். லேக்கன்ஹீத்தில் 48-ஆவது போர் விமானப் பிரிவு, எஃப்-15, எஃப்-35 அங்கிருந்து பறக்கும். என் கணவருக்கு மில்டன்ஹாலில் வேலை, வானத்திலேயே மற்ற விமானங்களுக்கு எரிபொருள் நிரப்பும் கேசி-135 விமானங்களின் பராமரிப்பு. உள்ளே போய்விட்டால் டாலர், அமெரிக்கப் பள்ளிக்கூடம், கமிசரி என்கிற மளிகைக் கடை, அமெரிக்க உள்நாட்டுத் தபால் கட்டணத்திலேயே வந்து சேரும் பார்சல், எல்லாம் உண்டு. மாறாதது ஒன்று, உள்ளேயும் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும்.

கேள்வி: அக்கா, என் தங்கை கணவருக்கு லேக்கன்ஹீத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது. தளத்து வீட்டில் இருப்பதா, வெளியே வாடகைக்கு எடுப்பதா என்று குழம்பிக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

வெளியே. யோசிக்காமல் சொல்வேன். குடும்பத்தோடு போனால் வழக்கமாக மூன்று வருடம் தருவார்கள், அந்த மூன்று வருடத்தையும் வேலிக்குள்ளேயே கழித்துவிட்டு, பிரிட்டனில் இருந்தோம் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் மேல் எனக்கு வருத்தம்தான் வரும். வாடகைக்கு அதற்கென்று படி கொடுக்கிறார்கள். வெளியே குடியிருந்தாலும் அங்கே வந்திருக்கும் நேசநாட்டுப் படைக் குடும்பம் என்ற முறையில் கவுன்சில் வரியிலிருந்து விலக்கு உண்டு, அதற்கு உரிய படிவத்தை மட்டும் மறக்காமல் கொடுத்துவிடச் சொல்லுங்கள். டிவியில் நேரலையாக எதைப் பார்த்தாலும் டிவி லைசன்ஸ் வாங்க வேண்டும், இது அமெரிக்காவிலிருந்து போகிறவர்களுக்குப் புதிதாக இருக்கும்.

வீடு சின்னதாகத்தான் இருக்கும். வாஷிங் மெஷின் சமையலறையில் இருக்கும், ஃப்ரிட்ஜ் பல வீடுகளில் இடுப்பு உயரம்தான், குளியலறையில் சுவிட்சுக்குப் பதில் ஒரு கயிறு தொங்கும், இழுத்தால் விளக்கு எரியும். தங்கையிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டியது கரண்ட் விஷயம். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். பிரிட்டனில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வோல்ட் சரியாகிவிடும், ஹெர்ட்ஸ் மாறாது. கரண்டின் துடிப்பை எண்ணி ஓடுகிற பழைய மேசைக் கடிகாரம் எங்களிடம் ஒன்று இருந்தது, அதை டிரான்ஸ்ஃபார்மரில் மாட்டினால் மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். ஆனால் நான் கல்யாணமாகிப் போகும்போது அம்மா கொடுத்தனுப்பிய மிக்சி, டெக்சாஸில் ஆறு வருடம் அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடந்தது, அதை சஃபோக் வீட்டில் எடுத்து, பிளக்கை மட்டும் மாற்றிப் போட்டேன். அங்கே ஒவ்வொரு பிளக்குக்குள்ளும் ஒரு சின்ன ஃப்யூஸ் இருக்கும், அதைப் பொருத்தி மூடிவிட்டு ஓட்டினால் ஊரில் ஓடின அதே சத்தம். அன்றைக்குத் தேங்காய்ச் சட்னி அரைத்தேன். நம் ஊர்ச் சாமான் எதையும் அமெரிக்காவிலேயே விட்டுவிட்டுப் போகவேண்டாம் என்று தங்கையிடம் சொல்லுங்கள்.

அப்புறம் பக்கத்து வீடு. எங்கள் பக்கத்து வீட்டில் தனியாக ஒரு பாட்டி இருந்தார். நாங்கள் குடிபோன மறுநாள் கதவிடுக்கில் ஒரு தாள், கறுப்புத் தொட்டி எந்த வாரம், நீலத் தொட்டி எந்த வாரம் வெளியே வைக்க வேண்டும் என்று பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். கீழே தன் தொலைபேசி எண். இந்த மாதிரி தாள் தளத்துக்குள் வராது.

கேள்வி: வலது பக்கம் ஓட்டிப் பழகிவிட்டு இடது பக்கம் ஓட்டுவது பயமாக இருக்காதா? அமெரிக்காவில் இருக்கும் காரையே கொண்டுபோகலாமா?

ஒரு காரை அரசுச் செலவிலேயே கப்பலில் அனுப்பலாம். நாங்களும் அனுப்பினோம், இன்னொரு முறை வாய்ப்புக் கிடைத்தால் அனுப்ப மாட்டேன். அந்தப் பக்கம் ஃபென் என்று சொல்லும் தாழ்ந்த சதுப்பு நிலம், தண்ணீரை வடித்து வயலாக்கியது. மண் கறுகறுவென்று இருக்கும், காயக் காய உள்வாங்கும், அதனால் சாலையும் அலை மாதிரி ஏறி இறங்கும். இரண்டு பக்கமும் ஆழமான வாய்க்கால், தடுப்புச் சுவர் கிடையாது. குளிர்காலத்தில் சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கு ஏற்றிய டிராக்டர் முன்னால் போகும், உங்கள் ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தால் எதிரே வண்டி வருகிறதா என்று தலையை எவ்வளவு நீட்டினாலும் தெரியாது. டிராக்டர் திரும்புகிற வரைக்கும் பொறுமையாகப் பின்னாலேயே போங்கள். மாற்றலாகித் திரும்புகிற குடும்பங்கள் சின்ன வலது ஸ்டியரிங் கார்களை விற்றுவிட்டுத்தான் போவார்கள், அதில் ஒன்றை வாங்கிக்கொள்வது உத்தமம்.

பிரிட்டிஷ் சாலை விதிகளைத் தளத்திலேயே சொல்லிக்கொடுத்துத் தேர்வு வைப்பார்கள். தாளில் பாஸ் பண்ணுவது எளிது. ரவுண்டானாதான் நிஜப் பரீட்சை, வலது பக்கமிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும், அதை மனசுக்குள் சொல்லிக்கொண்டே நுழையுங்கள். ஏ11 சாலையில் பார்ட்டன் மில்ஸ் பக்கத்தில் ஒரு பெரிய ரவுண்டானா, தளத்துக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். முதல் மாதம் ஞாயிற்றுக்கிழமை காலையில் போக்குவரத்து குறைவாக இருக்கும்போது அங்கே போய்ச் சுற்றிச் சுற்றிப் பழகினேன், அதற்குப் பிறகு பயம் போய்விட்டது. இன்னொன்று, வெள்ளை வட்டத்தில் கறுப்புக் கோடு போட்ட பலகை வந்தால் சாதாரணச் சாலையில் 60 மைல் வரை போகலாம் என்று அர்த்தம். போகலாம் என்றுதான், போயே ஆகவேண்டும் என்று இல்லை.

கேள்வி: பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்த்தீர்கள்?

பெரியவனைத் தளத்தின் அமெரிக்கப் பள்ளியில், சின்னவளை ஊர்ப் பள்ளியில். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. பெரியவன் திரும்பிப் போய்த் தொடர வேண்டிய பாடங்கள் இருந்தன, சின்னவளுக்கு அந்தக் கவலை இல்லை. இங்கிலாந்தில் நாலு வயது முடிந்தால் செப்டம்பரிலேயே சேர்த்துக்கொள்வார்கள். ஒரே வீட்டில் இரண்டு நாட்காட்டி வைத்துக்கொள்வது கஷ்டம்தான், நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் வியாழக்கிழமை அவனுக்கு விடுமுறை, அவளுக்குப் பள்ளி. பயணம் போவதற்காக ஊர்ப் பள்ளிப் பிள்ளைக்கு இஷ்டத்துக்கு லீவு போடாதீர்கள், அனுமதி இல்லாமல் ஐந்து நாள் போனால் ஒரு பிள்ளைக்குப் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 80 பவுண்டு அபராதம் வரலாம்.

கேள்வி: தளத்துக் கடையில் வாங்கிய சாமானைப் பக்கத்து வீட்டாருக்குப் பரிசாகக் கொடுக்கலாமா?

கூடாது. பிரிட்டிஷ் வரி கட்டாமல் வரும் பொருள் அது, படைக் குடும்பங்களின் சொந்த உபயோகத்துக்கு மட்டும். கேட்கிறவர் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும் இல்லை என்று சொல்லிவிடுங்கள். வீட்டுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சோறு போடுங்கள், அது போதும்.

கேள்வி: அங்கிருந்து எங்கெல்லாம் போனீர்கள்? பாரிஸ், ரோம் எல்லாம் பக்கம்தானே?

பக்கம்தான், ஸ்டான்ஸ்டெட் விமான நிலையம் ஒரு மணி நேரத்துக்குள் இருக்கிறது, மலிவு விமானங்களும் நிறைய. நாங்களும் சில முறை போனோம். ஆனால் நீண்ட வார இறுதி வந்தாலே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டான்ஸ்டெட் ஓடுகிற குடும்பங்கள் வீட்டு வாசலில் இருப்பதைப் பார்க்காமலேயே திரும்பிப் போகிறார்கள்.

தளத்திலிருந்து சில மைலில் எல்வடன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே தேவாலயத்துக்கு வெளியே புல்லில் மகாராஜா துலீப் சிங்கின் கல்லறை. சீக்கிய அரசின் கடைசி மன்னர், பத்து வயதில் 1849-இல் பஞ்சாபையும் கோஹினூர் வைரத்தையும் ஆங்கிலேயரிடம் பறிகொடுத்தவர், 1863-இல் இந்த எல்வடன் எஸ்டேட்டை வாங்கிக் குடியேறினார், 1893-இல் பாரிஸில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து புதைத்தார்கள். பக்கத்திலேயே மனைவி பாம்பாவும் ஒரு மகனும். நான் போன அன்று யாரோ ஒரு ஆரஞ்சு நிறத் துணியைக் கல்லறையின் மேல் மடித்து வைத்திருந்தார்கள், மழையில் நனைந்து கல்லோடு ஒட்டியிருந்தது. வீட்டை விட்டு வெகுதூரத்தில் இருக்கிற எனக்கு அந்த இடத்தில் நிற்கும்போது தொண்டை அடைத்துக்கொண்டது. அருகில் இருக்கும் தெட்ஃபர்டில் குதிரை மேல் அவருடைய சிலையும் உண்டு, 1999-இல் வைத்தது.

கேம்பிரிட்ஜுக்கு மேற்கே மேடிங்லியில் அமெரிக்கப் போர்வீரர் கல்லறைத் தோட்டம், பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். பல்கலைக்கழகம் கொடுத்த நிலம். வளைவு வளைவாக 3,800-க்கும் மேல் வெள்ளைக் கற்கள், எதிரே நீளச் சுவரில் உடல் கிடைக்காமல் போன 5,100-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள். ஜனாதிபதி கென்னடியின் அண்ணன் பெயரும், இசைக்கலைஞர் கிளென் மில்லர் பெயரும் அதில் இருக்கின்றன. சில பெயர்களுக்குப் பக்கத்தில் மட்டும் ரோஜா வடிவில் சின்ன வெண்கலக் குமிழ் பதித்திருப்பார்கள். இது என்ன என்று மகள் கேட்டாள், இவர் பிறகு கிடைத்துவிட்டார் என்று அர்த்தம் என்றேன். அதற்கப்புறம் அவள் சுவர் முழுக்க அந்தக் குமிழ்களையே தேடித் தடவிக்கொண்டு போனாள்.

நார்ஃபோக்கில் தார்ப் அபட்ஸ் என்ற பழைய விமானத்தளம் இருக்கிறது, கட்டுப்பாட்டுக் கோபுரத்தை இப்போது அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். போரின்போது அங்கிருந்து பறந்த 100-ஆவது குண்டுவீச்சுப் பிரிவின் விமான வாலில் சதுரத்துக்குள் 'டி' எழுத்து இருக்கும். மில்டன்ஹாலில் இருக்கும் இன்றைய பிரிவு அதன் வாரிசு, கேசி-135 வாலிலும் அதே சதுர 'டி'. பழைய புகைப்படத்தைப் பார்த்துவிட்டு என் மகன், "அப்பா, உங்க பிளேன்!" என்று கத்தினான். இவர் வெகுநேரம் அந்தப் படத்தை விட்டு நகரவில்லை.

அப்புறம் ஈலி தேவாலயம். 1322-இல் நடுக் கோபுரம் இடிந்து விழுந்த இடத்தில் எட்டு மூலையோடு மரத்தில் எழுப்பிய விளக்குக் கோபுரம், கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிப்பது தெரியாது. கேம்பிரிட்ஜில் ஈகிள் என்ற மதுக்கடையின் கூரையில் போர்க்கால விமானிகள் மெழுகுவத்தியாலும் லைட்டராலும் சுட்டெழுதிய பெயர்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. டிசம்பரில் மாலை நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், அதனால் குளிர்காலத்தில் காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

கேள்வி: அங்கே குழந்தை பிறந்தால் பிரிட்டிஷ் குடியுரிமை கிடைக்குமா?

பிறந்த இடத்தை மட்டும் வைத்துக் கிடைக்காது. 1983 ஜனவரி 1-லிருந்து சட்டம் அப்படித்தான். 42 நாளுக்குள் உள்ளூர் பதிவாளரிடம் பிறப்பைப் பதிய வேண்டும், பிறகு அமெரிக்கத் தூதரகத்தின் வழியாக அமெரிக்கக் குடிமகனின் வெளிநாட்டுப் பிறப்புச் சான்றும் பாஸ்போர்ட்டும் வாங்க வேண்டும்.

கேள்வி: விமானச் சத்தத்தால் ஊர்க்காரர்களுக்கு உங்கள் மேல் கோபம் இல்லையா? கணவர் வேலைக்குப் போனால் உங்களுக்குப் பயமாக இருக்காதா?

கோபம் சிலருக்கு இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். அணு ஆயுதம் வேண்டாம் என்று வாசலில் பதாகை பிடித்து நிற்பவர்களும் உண்டு. அது அவர்கள் ஊர், அவர்களுக்கு அந்த உரிமை இருக்கிறது, மரியாதையாக நடந்துகொள்ளுங்கள் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன்.

பயம் இருக்கும். நாங்கள் போவதற்கு முன்பு, 2020 ஜூன் 15 அன்று லேக்கன்ஹீத்திலிருந்து பயிற்சிக்குப் போன எஃப்-15 ஒன்று வடகடலில் விழுந்து விமானி இறந்துபோனார். பக்கத்து வீட்டுப் பாட்டி அந்த நாளைப் பற்றிப் பேசும்போது ஏதோ தன் வீட்டுப் பையன் போனது மாதிரி பேசுவார். நவம்பரில் போரில் இறந்தவர்களை நினைக்கும் ஞாயிற்றுக்கிழமையன்று ஊர்த் தேவாலயத்தில் எங்களுக்குத் தன் பக்கத்திலேயே இடம் பிடித்து வைத்திருந்தார், நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள் என்று அவருக்குத் தெரியும், அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இரண்டாவது வருடம் கணவரை நான்கு மாதம் வேறு நாட்டுக்கு அனுப்பினார்கள். எங்கே, எப்போது வருவார் என்று பாட்டி ஒரு நாளும் கேட்கவில்லை. அந்த நான்கு மாதமும் குப்பை எடுக்கிற நாளில் நான் எழுந்து வந்து பார்த்தால் எங்கள் தொட்டி ஏற்கெனவே சாலையோரம் நிற்கும், மத்தியானம் திரும்பிப் பார்த்தால் காலியாகி வாசலுக்கு வந்திருக்கும்.