காற்றாலை வரும் ஊரில் குடிமக்கள் குழுக்கள் உட்பூசல்களை எவ்வாறு கையாளுகின்றன?

சூழலுக்கு உகந்த ஆற்றலுக்கு ஒரு நாடு மாறும்போது ஊர்களுக்குள் எழும் பிணக்குகளைக் குடிமக்கள் குழுக்கள் எவ்வாறு சமாளிக்கின்றன என்பது கேள்வி. இதற்கு எல்லா நாடுகளுக்கும் பொருந்தும் ஒரு விடையைத் தேடுவதைவிட, நான் அறிந்த மன்னார்த் தீவை வைத்தே எழுதுகிறேன். மன்னார் மாவட்டத்தில் பிறந்து இப்போது தொழில் நிமித்தம் வெளியே வாழ்பவன் என்பதால், என் பார்வையில் ஊர்ப்பற்றும் கலந்திருக்கும். வாசிப்பவர்கள் அதைக் கழித்துக்கொண்டு வாசிக்கலாம். என் கருத்து இதுதான்: அரசாங்கத்தோடும் கம்பனிகளோடும் மோதுவது இத்தகைய குழுக்களுக்கு ஒப்பீட்டளவில் எளிய வேலை. ஒன்றுக்கொன்று முரணான நலன்களைக் கொண்ட சொந்த ஊர்க்காரர்களை ஒரே கூட்டத்தில் தொடர்ந்து உட்கார வைப்பதே கடினமானது, குழுக்கள் பெரும்பாலும் தோற்பதும் அந்த இடத்தில்தான்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2030 ஆம் ஆண்டுக்குள் நாட்டின் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது என்பது இலங்கையின் இலக்கு. காற்று வளம் மிகுந்த மன்னார் இதற்கு இயல்பாகவே முதலில் கண்ணில் படும் இடம். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளைக் கொண்ட, 103.5 மெகாவாட் திறனுள்ள தம்பபவனி 2020 டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது. அதன்பின் மன்னாரிலும் பூநகரியிலும் மொத்தம் 484 மெகாவாட் திறனில் காற்றாலைகள் அமைக்க அதானி நிறுவனம் முன்வந்தது. அந்தத் திட்டத்துக்கு எதிராகச் சுற்றுச்சூழல் அமைப்புகள் 2024 இல் உயர் நீதிமன்றம் சென்றன. புதிய அரசாங்கம் மின் கொள்வனவு விலையை மீண்டும் பேச முற்பட்டதையடுத்து, 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. ஆனால் அதைவிடச் சிறிய வேறு திட்டங்கள் தொடர்ந்தன. 2025 ஓகஸ்டில் காற்றாலைப் பாகங்களை ஏற்றிய பெரிய வாகனங்கள் தீவுக்குள் வரத் தொடங்கியபோது மக்கள் வீதிக்கு வந்தார்கள். ஜனாதிபதி வேலைகளை ஒரு மாதத்துக்கு நிறுத்திவைத்தார். செப்டெம்பர் இறுதியில் பாகங்கள் மீண்டும் பொலிஸ் பாதுகாப்புடன் கொண்டுவரப்பட்டபோது மோதல் ஏற்பட்டது. 29 ஆம் திகதி மாவட்டத்தில் ஹர்த்தால் நடந்தது.

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இது ஒரே குரலில் எழுந்த எதிர்ப்பாகத் தோன்றியிருக்கும். அந்த ஒரே குரல் எவ்வளவு அரிதானது என்பது மன்னாரின் அண்மைக்கால வரலாற்றை அறிந்தவர்களுக்கே விளங்கும். 1990 இல் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். போர் முடிந்து அவர்கள் திரும்பியபோது காணி, கரை, தொழில் ஆகிய மூன்றிலும் சிக்கல்கள் காத்திருந்தன. 2012 இல் தமிழ், முஸ்லிம் மீனவர்களுக்கு இடையிலான இறங்குதுறைத் தகராறு, மன்னார் நீதிமன்றக் கட்டடத்தின் மீது கல் எறியும் அளவுக்குப் போனது. 2019 சிவராத்திரிக்கு முதல்நாள் திருக்கேதீச்சரச் சிவன் கோயிலுக்குப் போகும் வீதியின் அலங்கார வளைவு பிடுங்கி எறியப்பட்டபோது சைவர்களுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் இடையே உண்டான கசப்பு இன்னும் முழுமையாக ஆறவில்லை. இப்படிப்பட்ட மாவட்டத்தில் பங்குத்தந்தையும் மௌலவியும் சைவக் குருவும் ஒரே பந்தலில் அமர்வது தானாக நடக்கக்கூடியதன்று. போர்க்காலத்தில் காணாமல்போனோர் குறித்தும் கைதுகள் குறித்தும் பேசிய மன்னார் பிரஜைகள் குழு போன்ற அமைப்பு ஏற்கெனவே இருந்தது இதற்குப் பெரிதும் உதவியது. புதிதாக ஒரு போராட்டக் குழுவைத் தொடங்கியிருந்தால், அதன் தலைவர் எந்தச் சமயம், எந்தக் கட்சி, எந்த ஊர் என்ற கேள்விகளிலேயே முதல் மாதம் கழிந்திருக்கும்.

இத்தகைய குழு கையாண்ட முதல் வழி, பழைய பிணக்குகளைத் தீர்க்க முற்படாமல் இருந்தது. இறங்குதுறை யாருக்கு, வளைவு எங்கே என்ற வழக்குகள் அவற்றுக்குரிய இடங்களிலேயே விடப்பட்டன; காற்றாலையும் கனிய மணல் அகழ்வும் மட்டும் பொதுப் பேச்சுக்கு எடுக்கப்பட்டன. இல்மனைட் என்ற கனிமம் கலந்த மணலுக்காகத் தீவில் துளையிட்டுப் பார்த்த முயற்சிகள் மீதான அச்சம் எல்லாச் சமூகத்தாருக்கும் பொதுவானது என்பதால், இரண்டையும் சேர்த்துப் பேசியது கூட்டத்தைப் பெருக்கியது. இதில் எனக்கு ஒரு தயக்கமும் உண்டு. காற்றாலையை இடம் மாற்றி வைக்கலாம், எண்ணிக்கையைக் குறைக்கலாம், பேரம் பேசலாம். கடல்மட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் ஒரு தீவிலிருந்து மணலை அள்ளிக்கொண்டு போவதில் அப்படிப் பேரம் பேச அதிகம் இல்லை. இரண்டையும் ஒரே பதாகையில் எழுதும்போது, பேரம் பேசக்கூடிய விடயத்திலும் பேரத்துக்கான கதவு சாத்தப்பட்டுவிடுகிறது.

அடுத்தது மீன் பற்றிய பிணக்கு. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தென்கரையில் கரைவலை இழுப்பவர்கள், காற்றாலைகள் வந்தபின் கரையோரத்தில் மீன்பாடு குறைந்துவிட்டது என்கிறார்கள். சுழலும் இறக்கைகளின் ஒலியும் அதிர்வும் இரவு வெளிச்சமும் மீன்களை விரட்டுகின்றன என்பது அவர்களுடைய விளக்கம். அவர்கள் பொய் சொல்லவில்லை. பிடிபடும் மீன் குறைந்தது உண்மையான துயரம். ஆனால் அதே கடலில் தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் ஆண்டுக்கணக்காக அடித்தளத்தை வாரிக்கொண்டு போகின்றன. உள்ளூரிலேயே தடைசெய்யப்பட்ட வலைகளைப் பயன்படுத்துபவர்களும் இருக்கிறார்கள். குடிமக்கள் குழு எல்லாப் பழியையும் காற்றாலை மேல் போட்டால், அதிகாரி ஒருவர் இழுவைப் படகின் ஒரு படத்தைக் காட்டி முழு முறைப்பாட்டையும் தள்ளிவிட முடியும். காற்றாலையை விட்டுவிட்டு இழுவைப் படகைப் பற்றி மட்டும் பேசினால், கரைவலைக்காரர் தம்மைக் குழு கைவிட்டுவிட்டது என்று நினைப்பார். ஒவ்வொரு கரைவலைப் பாட்டிலும் எவ்வளவு பிடிபட்டது என்பதை மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகத் தினமும் பதிந்துவைப்பதே இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் வழி என்று நினைக்கிறேன். மீன் வாங்கும் வாடிகளில் கணக்கு எழுதும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது; அந்தக் கொப்பிகளை ஆண்டுவாரியாக அடுக்கினாலே காற்றாலைக்கு முன்னும் பின்னுமான ஒப்பீட்டுக்கு ஓரளவு ஆதாரம் கிடைத்துவிடும். ஊர் கேட்கும் முன்பே தன் கணக்கைத் தானே திரட்டி வைத்திருக்கும் குழுவோடு எந்த அமைச்சும் வேறு தொனியில்தான் பேசும்.

காணிப் பிணக்கு இதைவிடக் கூச்சமானது. காற்றாலை நிற்கும் காணிக்கு உரியவருக்குப் பணம் கிடைக்கிறது; அதற்கு இரண்டு வேலி தள்ளி வாழ்பவருக்கு இரைச்சலும் நிழலும் மட்டும் கிடைக்கின்றன. பனங்காணி உரிமையாளர்களில் சிலர் தீவிலேயே இல்லை. கொழும்பிலும் கடல் கடந்தும் இருக்கிறார்கள். காணி கொடுத்தவர்களைத் துரோகிகள் என்று அழைப்பது கூட்டத்தில் கைதட்டல் வாங்கித் தரும், ஆனால் அதே குடும்பத்தின் சகோதரர் அடுத்த வரிசையில் அமர்ந்திருப்பார். சிறிய தீவுகளில் எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வழியில் உறவு. ஆகவே தனிக்குடும்பங்களைக் குறிவைக்காமல், காணி கைமாறும் முறையின் மேல் கேள்வி எழுப்புவதே புத்திசாலித்தனம்: குத்தகை எத்தனை ஆண்டு, அயலவருக்கு அறிவித்தார்களா, மழைநீர் ஓடும் வழியை மறித்துப் பாதை போட்டார்களா என்பன போன்ற கேள்விகள் காணி கொடுத்தவரையும் உள்ளே வைத்துக்கொண்டே கேட்கக்கூடியவை.

வெளியாருடனான நட்பும் ஒரு சோதனைதான். மன்னார், மத்திய ஆசியப் பறவை வழித்தடத்தில் பூநாரைகள் உட்பட ஏராளமான வலசைப் பறவைகள் வந்து தங்கும் இடம். அருகிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2010 இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கொழும்பிலிருந்து வழக்காடிய சூழல் அமைப்புகளின் முதன்மைக் கவலை பறவைகள். பறவைகளுக்கு வழக்கறிஞர் கிடைக்கும்போது வலைகளுக்குக் கிடைக்கவில்லையே என்ற முணுமுணுப்பு ஊரில் இருந்ததை நான் கேட்டிருக்கிறேன். அந்த முணுமுணுப்பில் நியாயம் உண்டு. ஆயினும் நீதிமன்றத்தில் ஆவணங்களோடு நிற்கத் தெரிந்தவர்களும், வீதியில் மழையிலும் வெயிலிலும் முறைபோட்டு அமரக்கூடியவர்களும் வெவ்வேறு ஆட்களாகவே இருப்பார்கள். இருவரும் ஒரே காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை; ஒருவருடைய காரணத்தை மற்றவர் பொதுவெளியில் மறுக்காமல் இருந்தால் போதும்.

இனி, மன்னாருக்கு வெளியே இருப்பவர்களின் கோபத்தையும் சொல்லியாக வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட நாடு இது. டீசலுக்கும் நிலக்கரிக்கும் டொலர் இல்லாமல் தவித்தவர்களுக்கு, காற்று வீசும் ஒரு தீவு காற்றாலை வேண்டாம் என்று சொல்வது சுயநலமாகப் படுவது இயல்பே. இந்தக் கோபத்துக்குப் பதில் சொல்லாத குழு நாட்டின் ஆதரவை இழந்துவிடும். "காற்றாலைக்கு நாங்கள் எதிரிகள் அல்லர், தீவுக்குள் மேலும் வேண்டாம், பெருநிலத்தில் பொருத்தமான இடம் பாருங்கள்" என்ற நிலைப்பாட்டைப் போராட்டத்தில் பலர் முன்வைத்தார்கள். அது சரியான திசை. ஆனால் எந்த இடம், எத்தனை மெகாவாட், மின்கம்பி எப்படிப் போகும் என்ற விவரத்தோடு ஒரு மாற்று வரைபடத்தை மக்கள் தரப்பு மேசையில் வைத்திருந்தால், ஒரு மாத இடைநிறுத்தம் வெறும் காத்திருப்பாகக் கழிந்திருக்காது என்பது என் மதிப்பீடு.

இதற்கு மாறாக நடந்த ஒரு தீவையும் சொல்கிறேன். டென்மார்க்கின் சாம்சோவில் ஏறத்தாழ 4,000 பேர் வாழ்கிறார்கள். புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் மட்டும் இயங்கும் தீவாக மாறக்கூடியது எது என்று அரசாங்கம் 1997 இல் நடத்திய போட்டியில் அது வென்றது. 2000 இல் நிலத்தில் 11 காற்றாலைகளும், சில ஆண்டுகளுக்குள் கடலில் 10 காற்றாலைகளும் எழுந்தன. நிலத்துக் காற்றாலைகளில் பெரும்பாலானவற்றை உள்ளூர் விவசாயிகள் வாங்கினார்கள், மீதியைப் பங்கு சேர்த்த தீவுவாசிகளின் கூட்டுறவு வாங்கியது. கடலில் எழுந்தவற்றில் ஐந்தை நகரசபை வாங்கியது. தீவிலேயே பிறந்த சோரன் ஹெர்மன்சன் என்பவர் கூட்டங்களை ஒருங்கிணைத்தார். அவர் முதலில் தேடிப் போனவர்கள் சூழல் ஆர்வலர்கள் அல்லர். மற்றவர்கள் பார்த்துப் பின்பற்றும் விவசாயிகளும் குழாய்வேலை செய்பவர்களும்தாம். கண்ணுக்கு எதிரே சுழலும் இறக்கையில் தன் பணமும் இருக்கிறது என்றால், இரைச்சலின் அளவே மாறிவிடுகிறது.

சாம்சோவை மன்னாருக்கு அப்படியே எடுத்துவர முடியாது. அங்கே வங்கி விவசாயிக்குக் கடன் கொடுத்தது, மின்சாரத்துக்கு உறுதியான விலை இருந்தது, முப்பது ஆண்டுப் போர் இருக்கவில்லை. எங்கள் கரைவலைத் தொழிலாளியிடம் காற்றாலையில் பங்கு வாங்கப் பணமும் இல்லை, பங்கு விற்றால் அதை நம்பும் மனநிலையும் இல்லை. என்றாலும் பின்னர் 2009 இல் டென்மார்க் சட்டத்தில் வந்து 2020 வரை இருந்த ஒரு விதி எங்களுக்குப் பயன்படும்: புதிய காற்றாலையின் உரிமையில் குறைந்தது 20 சதவீதத்தை, 4.5 கிலோமீற்றர் தொலைவுக்குள் வாழ்வோர் தொடங்கி உள்ளூர் மக்களுக்கு விற்க முன்வர வேண்டியிருந்தது; வீட்டின் மதிப்புக் குறைந்தால் இழப்பீடு தர வேண்டும் என்ற விதியும் அதே சட்டத்தில் வந்தது. பங்கு வாங்க முடியாத ஊரில் அந்த உரிமையைப் பிரதேச சபையோ கூட்டுறவுச் சங்கமோ பெறும்படி எழுதலாம். விளையாட்டுக் கழகத்துக்குச் சீருடையும் பாடசாலைக்குத் தண்ணீர்த் தாங்கியும் கொடுக்கும் சமூகப் பொறுப்பு நிதியை நான் இதற்கு ஈடாகக் கருதவில்லை. அது கொடுப்பவரின் விருப்பம். கேட்டவர்களுக்குக் கிடைக்கும், கேட்காத ஊருக்குக் கிடைக்காது, அதனாலேயே ஊர்களுக்கு இடையே புதிய பொறாமையும் வளர்கிறது.

நடைமுறையில் இப்போது குழுவொன்று செய்யக்கூடியது வெள்ளநீர் விடயத்தைக் கையில் எடுப்பது என்று நினைக்கிறேன். காற்றாலைகளுக்காக உயர்த்திப் போட்ட பாதைகள் நீரோட்டத்தை மறித்து ஊருக்குள் வெள்ளம் தேங்க வைக்கின்றன என்பது பல கிராமங்களின் முறைப்பாடு. மீனைப் போலன்றி இதை ஒரே மாரிகாலத்தில் அளந்துவிடலாம். கத்தோலிக்கர், முஸ்லிம், சைவர், காணி கொடுத்தவர், கொடுக்காதவர் என எல்லோருடைய முற்றத்திலும் தண்ணீர் ஒரே விதமாகத்தான் நிற்கிறது. கிராம அலுவலர், கிராம அபிவிருத்திச் சங்கம், பள்ளிவாசல் நிர்வாகம், ஆலயசபை ஆகியோர் சேர்ந்து நீர் தேங்கிய இடங்களையும் மதகு தேவைப்படும் இடங்களையும் வரைபடத்தில் குறித்து, அதை மாவட்டச் செயலகத்தில் கையளித்து, வடகீழ்ப் பருவமழைக்கு முன் மதகுகளை அமைக்கும்படி திகதியோடு கேட்கலாம்.