பேரனை இங்கே கொண்டுவந்து வளர்க்கலாமா?

கேள்வி: என் மகளும் மாப்பிள்ளையும் ஜெர்மனியில் ஹாம்பர்க்கில் இருக்கிறார்கள். இருவருக்கும் ஐ.டி. வேலை. பேரனுக்கு இரண்டே கால் வயது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன். ஒரு நிமிஷம் உட்கார மாட்டான். செல்போனைக் கையில் கொடுத்தால்தான் சாப்பாடு உள்ளே போகும். சத்தம் தாங்கவில்லை என்று கீழ்வீட்டுக்காரர் புகார் சொல்லிவிட்டாராம். காப்பகத்தில் விட மகளுக்கு மனசில்லை. வீடியோ காலில் அழுகிறாள். ஆறு மாதம் குழந்தையை நங்கநல்லூருக்குக் கொண்டுவந்து நானே பார்த்துக்கொள்ளட்டுமா? அவனுக்கு ‘ஹைப்பர் ஆக்டிவ்’ ஏதாவது இருக்குமோ?

பதில்: அம்மா, கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இந்த வயதில் உட்காராமல் இருப்பது நோய் இல்லை. இந்த வயதுப் பிள்ளைகள் நாளைக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2019-ல் சொல்லியிருக்கிறது. நீங்கள் ‘ஹைப்பர் ஆக்டிவ்’ என்று சொல்வதை டாக்டர்கள் ‘ஏ.டி.எச்.டி.’ என்பார்கள்; நான்கு வயதுக்கு முன்னால் அப்படி டாக்டர்கள் பொதுவாக முத்திரை குத்துவதும் இல்லை. நீங்கள் கவனிக்க வேண்டியவை வேறு. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறானா? “அப்பா வா”, “பால் வேணும்” என்று இரண்டு சொல்லைச் சேர்க்கிறானா? தமிழில் ஒன்று, ஜெர்மனில் ஒன்று என்று கலந்து சொன்னாலும் கணக்கில் சேரும். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாகாது. ஜெர்மனியில் 21 முதல் 24 மாதத்துக்குள் ‘யூ-7’ என்று ஒரு பரிசோதனை உண்டு. அதில் என்ன எழுதினார்கள் என்று, குழந்தையின் பரிசோதனைகளைக் குறித்துவைக்கும் மஞ்சள் புத்தகத்தைப் பார்த்து மகளைச் சொல்லச் சொல்லுங்கள். நான் கேட்டவற்றில் ஏதாவது இல்லை என்றால், அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காமல் அங்கேயே டாக்டரிடம் போகட்டும்.

ஆறு மாதம் இங்கே வைத்துக்கொள்வது வேண்டாம். வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் பல வீடுகளில் இந்த ஏற்பாடு நடக்கிறது, நல்ல எண்ணத்தில்தான். ஆனால் இரண்டு வயதுக் குழந்தைக்கு ‘ஆறு மாதம் கழித்து அம்மா வருவாள்’ என்பது புரியாது. காணோம் என்பது மட்டும்தான் புரியும். முதல் வாரம் அழுவான், பிறகு உங்களிடம் ஒட்டிக்கொள்வான், எல்லாரும் ‘செட் ஆகிவிட்டான்’ என்பார்கள். திரும்பிப் போகும்போது உங்களைப் பிரிந்து இன்னொரு முறை அழ வேண்டும். தூக்கம், பேச்சு எல்லாம் கொஞ்ச நாள் பின்னுக்குப் போகலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் உங்கள் மகளை வளர்த்த காலத்தில் பக்கத்து வீட்டு மாமி, திறந்த மொட்டை மாடி, தெருவில் நாலு பிள்ளைகள் என்று இருந்திருக்கும். இப்போது நங்கநல்லூர் ஃபிளாட்டில் நீங்கள் இரண்டு பேர். கத்திரி வெயிலில் காலை பத்து மணிக்கு மேல் அவனை வெளியே விட முடியாது. ஹாம்பர்க்கில் இருக்கும் அதே ஆள் பற்றாக்குறைதான் இங்கேயும், முழங்கால் வலியோடு சேர்த்து.

குழந்தையை இங்கே கொண்டுவருவதற்குப் பதில் நீங்கள் அங்கே போகலாமே! ஜெர்மனி உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாள்தான் தங்கலாம். அந்த மூன்று மாதத்தைச் சமையலுக்குச் செலவழித்துவிடாதீர்கள். அவனைக் காப்பகத்தில் சேர்ப்பதற்குப் பயன்படுத்துங்கள். அங்கே ஒரு வயது முடிந்த எல்லாக் குழந்தைக்கும் காப்பகத்தில் இடம் கிடைப்பது 2013 ஆகஸ்ட் முதல் சட்டப்படி உரிமை. ஹாம்பர்க்கில் நாளைக்கு ஐந்து மணி நேரம் கட்டணமும் கிடையாது. முதல் சில நாள் அம்மாவோ அப்பாவோ கூடவே உட்கார்ந்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விலகுவதுதான் அங்கே வழக்கம். அந்த நாட்களில் மகளும் மாப்பிள்ளையும் வீட்டு வேலையை மறந்து அவனோடு போக வேண்டும் என்றால் வீட்டைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்.

இடம் கிடைக்கும் வரை காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை பூங்காவுக்கு அழைத்துப் போகட்டும், குளிரானாலும் தூறலானாலும். வெளியே ஓடிவிட்டு வந்தவன் வீட்டில் கொஞ்சமாவது அடங்குவான். இரவு பத்து முதல் காலை ஆறு வரையும் ஞாயிறு முழுதும் சத்தம் கூடாது என்று அங்கே கறாராக இருப்பார்கள். குழந்தை சத்தத்தை ஓரளவு பொறுத்துக்கொள்வார்கள். தடிமனான கம்பளம் ஒன்று விரிக்கட்டும். கீழ்வீட்டுக்கு ஒரு டப்பா முறுக்கோடு போய் வருவதும் தப்பில்லை.

சாப்பாட்டுக்குப் போன் வேண்டவே வேண்டாம். முதல் வருடம் மூன்று மடங்காகும் எடை, இரண்டாம் வருடத்தில் இரண்டு, இரண்டரை கிலோதான் ஏறும். பசியும் அதற்கேற்பக் குறையும். அரை தோசையோடு எழுந்தால் விட்டுவிடச் சொல்லுங்கள். உங்களோடு பேசும் வீடியோ கால் வேறு கணக்கு, அது நல்லதுதான். கோடையில் அங்கே காலை ஏழு என்றால் இங்கே பத்தரை. மகள் குளித்துக் கிளம்பும் கால் மணி நேரம் நீங்கள் காய் நறுக்கியபடி பேசுங்கள்: “இது என்ன? வெண்டைக்காய். உன் தட்டுல என்ன?”

அவர்கள் மூவரும் விடுமுறைக்கு இங்கே வருவதாக இருந்தால், டைபாய்டு, ஹெபடைட்டிஸ்-ஏ தடுப்பூசி பற்றி ஒன்றரை மாதம் முன்பே அங்குள்ள டாக்டரிடம் கேட்கட்டும். நீங்கள் செய்ய வேண்டியது வீட்டில் இருக்கிறது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் சாப்பாட்டு மேஜையிலும் தலையணை அடியிலும் இருந்தால் இன்றே பூட்டும் அலமாரிக்கு மாற்றுங்கள். சில வகைகளில் ஒரே ஒரு மாத்திரை போதும், இந்த வயதுக் குழந்தை உயிருக்கு ஆபத்தாகிவிடும். பூஜை அலமாரியில் கற்பூரம் கல்கண்டு போலத்தான் தெரியும், ஒரு வில்லை விழுங்கினாலே வலிப்பு வரலாம். பீரோவில் போடும் அந்துருண்டையை எடுத்துவிடுங்கள். பாத்ரூம் வாளியைக் காலி செய்து கவிழ்த்து வையுங்கள். பால்கனி கம்பிக்குப் பக்கத்தில் நாற்காலி, பூந்தொட்டி எதுவும் வேண்டாம். ஏறத் தெரிந்தவன் அவன்.