சொந்தமாகப் புரோகிராம் எழுதாமல் கேம் கம்பெனி தொடங்கி ஜெயித்தவர்கள் உண்டா?

உண்டு. எனக்கு உடனே ஞாபகம் வருவது ஜோயல் பில்லிங்ஸ். எஸ்.எஸ்.ஐ. என்ற ஸ்ட்ராடஜிக் சிமுலேஷன்ஸ் கம்பெனியை 1979இல் கலிபோர்னியாவில் தொடங்கியவர்.

எஸ்.எஸ்.ஐ. என்ற எழுத்துகளை நான் முதலில் பார்த்தது அத்தை பையன் வீட்டில், 'பான்சர் ஜெனரல்' (1994) என்ற இரண்டாம் உலகப் போர் கேமைத் திறக்கும்போது. போலந்தில் ஆரம்பித்த டாங்கிப் படை அனுபவம் சேர்த்துக்கொண்டு அடுத்தடுத்த போருக்கு நம்மோடு வரும். நாலு போர் பார்த்த படை அழிந்தால் சோறு இறங்காது.

பில்லிங்ஸ் படித்தது பொருளாதாரம். சிறு வயதிலிருந்தே போர்டுகேம் பைத்தியம். அறுகோணக் கட்ட வரைபடத்தில் அட்டைத் துண்டுகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுகள். அவற்றில் இரண்டு தொல்லை உண்டு. கூட ஆட ஆள் கிடைக்காது. கிடைத்தாலும் எதிராளியின் காய்கள் எல்லாம் கண் முன்னே இருக்கும். கம்ப்யூட்டர் எதிராளியாகவும் உட்காரும், காய்களை ஒளித்தும் வைக்கும். பில்லிங்ஸ் பிடித்துக்கொண்டது இதைத்தான்.

1979, அவர் சிகாகோவில் எம்.பி.ஏ. சேர வேண்டிய வருடம். போர்டுகேம் வாங்க வருகிறவர்களில் புரோகிராமரும் இருப்பார் என்று கடைகளில் துண்டு விளம்பரம் வைத்தார். அப்படி வந்தவர் ஜான் லயன். போர்டுகேம் உலகின் பெரிய கையான அவலான் ஹில்லிடம் யோசனையைக் கொண்டுபோனபோது எடுபடவில்லை. சரி, நாமே போடுவோம் என்று இறங்கிவிட்டார். வண்ணப் படம் காட்டும் ஆப்பிள் II கம்ப்யூட்டருக்குச் செய்யச் சொன்னது அப்போது ஆப்பிளில் இருந்த டிரிப் ஹாக்கின்ஸ். ஆம், பிறகு எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற பெரிய கேம் கம்பெனியைத் தொடங்கியவரேதான்.

1980இல் 'கம்ப்யூட்டர் பிஸ்மார்க்' வந்தது. 1941இல் பிஸ்மார்க் என்ற ஜெர்மன் போர்க்கப்பலை ஆங்கிலேயர் கடலில் துரத்திய கதை. விலை 59.95 டாலர், அன்றைக்குக் கொள்ளை விலை. பலர் பிளாஸ்டிக் பையில் போட்டு கேம் விற்ற காலத்தில் இவர் நல்ல ஓவியத்தோடு பெட்டியில் கொடுத்தார்.

எல்லாமே சிறப்பு என்று சொல்ல மாட்டேன். அதே வருடம் வந்த 'கம்ப்யூட்டர் ஆம்புஷ்' பேசிக் என்ற மெதுவான புரோகிராம் மொழியில் எழுதியது. நாம் கட்டளை கொடுத்த பிறகு அது கணக்குப் போட்டு முடிக்க மூன்று மணி நேரம்கூட ஆகுமாம். சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்து பார்க்கலாம்!

1987இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மாயாஜாலக் கதை விளையாட்டைக் கம்ப்யூட்டரில் கொண்டுவரும் உரிமைக்குப் பெரிய கம்பெனிகள் எல்லாம் மோதின, கிடைத்தது எஸ்.எஸ்.ஐ.க்கு. அடுத்த வருடமே அதை வைத்து வந்த 'பூல் ஆஃப் ரேடியன்ஸ்' மொத்தம் இரண்டரை லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. கம்பெனி வளர்ந்தது இதில்தான், போர் விளையாட்டில் இல்லை. 1994இல் அந்த உரிமையும் போய், கம்பெனியையும் மைண்ட்ஸ்கேப் என்ற இன்னொரு கம்பெனிக்கு விற்றார்கள். கைமாறிக் கைமாறிக் கடைசியில் யுபிசாஃப்ட் என்ற கேம் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது.

மனிதர் ஓயவில்லை. எஸ்.எஸ்.ஐ.யின் ஆரம்ப காலத்திலிருந்தே போர் விளையாட்டு செய்துவந்த கேரி கிரிக்ஸ்பியைச் சேர்த்துக்கொண்டு 'டூ பை த்ரீ கேம்ஸ்' என்று மறுபடி ஆரம்பித்தார். இவர்களுடைய 'வார் இன் த பசிபிக்' (2004) 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்குவதில் தொடங்கும். ஒரு முறை ஆடினால் ஒரு நாள்தான் நகரும். முழுப் போரையும் முடிக்க ஆயிரத்துக்கு மேல் முறை வேண்டும். எந்தக் கப்பலில் எவ்வளவு எண்ணெய் என்பதுவரை நாம் பார்க்க வேண்டும். நான் 1942 மார்ச் வரை போனேன். அத்தை பையன் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறான்.